எதை நிறுத்திவிட்டு இதைச் செய்வீர்கள்?

நகராட்சி மன்றப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சிக் கையேட்டுக்காக என்னையும் நாலு பக்கம் எழுதச் சொன்னார்கள். கூட்ட அறிவிப்பை எத்தனை நாளுக்கு முன்னால் அனுப்ப வேண்டும், யாரிடம் எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. உங்கள் அலுவலக அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும், எடுத்துத் தட்டிப் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமலே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை ஓட்டினேன். கேட்கத் தெரிந்த பிறகு கடைசி இரண்டு வருடம் எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். நிம்மதியாக இருந்தது அந்த இரண்டு வருடம்தான்.

நான் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நகராட்சி, மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே இருக்கிறவர்கள் இன்னும் எனக்குப் போன் செய்து நலம் விசாரிக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். கவுன்சிலர் ஒருவர் தன் வார்டுக்கு ஏதோ வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். அது மன்றக் கூட்டத்துக்கு ஒரு 'பொருள்' ஆகும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே நாம் ஓர் அலுவலகக் குறிப்பு எழுத வேண்டும். என்ன வேலை, எவ்வளவு செலவு, பணம் எங்கிருந்து. கூட்டத்தன்று எழுத்தர் பொருளின் எண்ணை வாசிப்பார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். பாஸ். அடுத்த எண். தட்டு. பாஸ். எங்கள் மன்றத்தில் நாற்பது பொருளை, வடையும் காபியும் வந்து ஆறுவதற்குள் முடித்த நாளெல்லாம் உண்டு.

'பணம் எங்கிருந்து' என்ற இடத்தில் நான் எப்போதும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவேன். "இதற்கான செலவினத்தைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ளலாம்." தணிக்கையில் ஆட்சேபணை வராத வாக்கியம். யாருக்கும் வலிக்காத வாக்கியம். கம்ப்யூட்டர் வந்த பிறகு இரண்டு விசையை அழுத்தினால் முழு வாக்கியமும் தானாக வந்து விழும்படி செய்து வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு வருடம் அந்த வாக்கியம் மழையாகப் பொழிந்தது. வார்டு தோறும் உயர்கோபுர விளக்கு, பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள், நாலு நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் வரும் ஊரில் பஸ் நிலையத்துக்கு நீரூற்று. எல்லாவற்றுக்கும் அடியில் என் வாக்கியம். எல்லாவற்றுக்கும் தட்டு.

அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. அவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாம் நாள் மார்க்கெட் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் அவர்களில் ஒருத்தி மாடியேறி நேராக என் மேசைக்கு வந்தாள். முத்துமாரி என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"தீர்மானம் எழுதுறது நீங்கதானா மேடம்?"

"ஆமாம்மா."

"எங்க சம்பளத்த நிப்பாட்டச் சொல்லி எந்தத் தீர்மானத்துல எழுதுனீக? அதக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க. யாரு யாரு கை தூக்குனாகன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

சொன்னால் சிரிப்பீர்கள், நான் நிஜமாகவே தீர்மானப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். பதற்றத்தில் மனிதர் எதையாவது புரட்டத்தானே செய்வார்கள். பிறகு மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அப்படி ஒரு தீர்மானமே இல்லம்மா."

"இல்லயா? யாருமே நிப்பாட்டல, ஆனா நின்னு போச்சு. அது எப்படி மேடம்?"

பதில் எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை. நாற்பது வேலைக்குப் பொது நிதி என்று எழுதினால், அதே பொது நிதியிலிருந்து சம்பளம் வாங்க வரிசையில் கடைசியாக நிற்பது யார்? மின்சாரக் கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். கான்ட்ராக்டருக்குப் பணம் தராவிட்டால் நகர்மன்றத் தலைவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கேட்க ஆளில்லாத செலவு என்று பார்த்தால் முத்துமாரியின் சம்பளம்தான் மிஞ்சுகிறது. யாரும் அதை வெட்டவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, வாய் திறக்காமல், அதிலிருந்து எடுத்துக்கொண்டோம். அதற்கான எழுத்துவேலையை நான் செய்து கொடுத்தேன்.

அன்று மாலை அந்த இரண்டு விசைக் குறுக்குவழியைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சம்பளம் எப்படியோ வந்து, தெரு சுத்தமான பிறகு, ஒரு கவுன்சிலர் என்னைத் தேடி வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், முதல்முறை ஜெயித்து வந்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கையில் நாலாக மடித்த கோடு போட்ட தாள். பென்சிலில் எழுதியிருந்தார்.

"பரீட்சையில விடைய மட்டும் எழுதினா நான் மார்க் போட மாட்டேன். வழிய காட்டணும். இங்க இத்தன பேரு விடைய மட்டும் எழுதிட்டுப் போறாங்க, நீங்களும் மார்க் போடுறீங்க."

தாளில் இருந்தது இதுதான். புதிதாகச் செலவு வைக்கும் எந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தாலும், கொண்டு வரும் உறுப்பினரே அதற்கு ஈடு காட்ட வேண்டும். இருக்கிற எந்தச் செலவை நிறுத்தலாம், அல்லது புதிதாக எந்த வருமானம் வரும் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஈடு காட்டாவிட்டால் அது கூட்டத்துக்குப் பொருளாகவே வராது. நான் அதை அலுவலகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'செலவின ஈட்டு அறிக்கை' என்று பெயர் வைத்தேன். எங்கள் பிரிவில் அதை ஈட்டுத்தாள் என்றார்கள், கடைசிவரை அந்தப் பெயரே நிலைத்தது.

மன்றத்தில் இது எப்படி நிறைவேறியது என்று கேட்காதீர்கள். வடிகால் தூர்வாரும் பொருளுக்கும் தெருநாய்ப் பொருளுக்கும் நடுவே இருபத்தேழாவதாக இருந்தது. எழுத்தர் எண்ணை வாசித்தார். தட்டினார்கள். பாஸ்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால்தான் வேடிக்கை. எங்கள் மூத்த கவுன்சிலர் ஒருவருக்குக் கப்பலூரில் லேத் பட்டறை. நாங்கள் பட்டறைக்காரர் என்போம். குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. தன் வார்டு முகப்பில் தன் தகப்பனார் பெயரில் அலங்கார வளைவு வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தார். நான் ஈட்டுத்தாளை நீட்டினேன்.

"இது என்ன மேடம் புதுசா?"

"போன கூட்டத்துல நீங்க பாஸ் பண்ணுன விதிண்ணே."

"நான் எப்பப் பாஸ் பண்ணுனேன்?"

"இருபத்தேழாவது பொருளுக்குத் தட்டுனீங்க. ரெண்டு கையாலயும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்து எழுதினார்: 'கல்யாண மண்டபத்தின் சொத்துவரி பாக்கியை வசூலித்து ஈடு செய்யப்படும்.' நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய மண்டபம் பல வருடமாக வரி கட்டாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது உண்மைதான். தொகையும் பெரிது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வளைவு பாஸ் ஆனது.

இங்கே என் இரண்டாவது தப்பு. மூன்று மாதம் கழித்து, ஓய்வாக இருந்த ஒரு பிற்பகலில் ஈட்டுத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கவனித்தேன். ஐந்து கவுன்சிலர்கள், ஐந்து வேலைகள், ஐந்துக்கும் அதே மண்டபத்தின் அதே பாக்கி. ஒரே ஆளை ஐந்து பந்தியில் உட்கார வைத்திருக்கிறோம். அந்த ஆளோ இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை, மண்டபம் ஒரு பைசா கட்டியிருக்கவில்லை. தாள் ஐந்திலும் சரிபார்த்ததற்கு என் சுருக்கொப்பம்.

எங்கள் நகராட்சி ஆணையர் வயதில் என் மகளைவிட இளையவர். போய்ச் சொன்னேன். அவர் தாள்களைப் பார்த்துவிட்டு, "இப்ப என்னங்க பண்றது?" என்றார். கமுக்கமாகச் சரிசெய்ய வழி இருந்தது. நாலு பேரைத் தனித்தனியே கூப்பிட்டு வேறு எதையாவது எழுத வைத்துவிடலாம். நான் வேண்டாம் என்றேன். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக, நான் கவனிக்கத் தவறியதை நானே எழுதி, என் பெயரோடு வாசிக்க வைத்தேன். ஐந்து வேலையும் நின்றது, வளைவும் சேர்த்து. அன்றிலிருந்து ஈட்டுக்கென்று தனிப் பதிவேடு போட்டேன். ஒருமுறை காட்டிய ஈட்டைச் சிவப்பு மையில் அடித்துவிட வேண்டும். கைக்கு வராத பணத்தை ஈடு என்று வாங்கவே கூடாது.

உங்கள் தப்பை நீங்களே முதலில் சொல்லுங்கள். அன்றைக்கு முகம் சுருங்கும், அவ்வளவுதான். அடுத்த நாள் யாரிடம் வேண்டுமானாலும் கறாராகப் பேசலாம். ஆனால் பட்டறைக்காரர் அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் பின்னால் இருக்கும் சுவர்க் காலண்டரைப் பார்த்துக் கேட்பார்.

இனி வருவதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

முத்துமாரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். ஒப்பந்த வேலையில் அதற்குமேல் வீட்டில் இருந்தால் இடம் போய்விடும். குழந்தையை வீட்டில் விட்டுவர ஆளில்லை. குப்பை அள்ளும் தள்ளுவண்டிகளில் ஒன்றைக் கழுவி, பழைய சேலையை மடித்துப் போட்டு, அதில் கிடத்தியிருப்பாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டி நிற்கும். மற்ற பெண்களும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் பத்துப் பதினொரு பேருக்கு இப்படிக் கைக்குழந்தைகள்.

ஒருநாள் காலையில் காய்கறி ஏற்றிவந்த சரக்கு ஆட்டோ பின்னால் வந்து அந்த வண்டியில் இடித்தது. வண்டி உருண்டுபோய்ச் சாக்கடைச் சுவரில் மோதிச் சாய்ந்தது. சுவர் மட்டும் இல்லாவிட்டால் என்று நினைக்கவே முடியவில்லை. குழந்தைக்கு நெற்றியில் சிராய்ப்போடு போயிற்று. காய் வாங்க வந்திருந்த டீச்சர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பையோடு நேரே அலுவலகத்துக்கு வந்தார். அப்படியே ஈட்டுத்தாளைக் கேட்டு வாங்கி எழுதினார்.

பணியாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம். இடம் இருந்தது. வரியைப் போனிலேயே கட்டும் பழக்கம் வந்ததிலிருந்து அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வரி வசூல் கவுண்டர் அறை சும்மா பூட்டிக் கிடந்தது. வேண்டியது இரண்டு ஆயாக்களின் சம்பளம், பால், பாய், தொட்டில் துணி. எல்லாம் சரியாக எழுதியிருந்தார். ஈடு என்ற கட்டத்தைப் பார்த்தேன். கல்யாண மண்டப பாக்கி.

"டீச்சர், இது சிவப்பு மை போட்டு அடிச்ச ஈடு."

"தெரியும்."

"வராத பணம்."

"அதுவும் தெரியும்மா. என் விதிதான், நானே வந்து கேக்குறேன். இந்த ஒரு தடவ விட்டுருங்க. இது வளைவு இல்ல. பச்சப் பிள்ளைங்க."

நான் தாளை வாங்கி மேசைமேல் வைத்தேன், கையெழுத்துப் போடவில்லை. அரை மணி நேரத்தில் தலைவர் அறையிலிருந்து அழைப்பு.

"ஊரே கை தட்டப்போற காரியம். ஒங்க பேனாவுக்கு மட்டும் என்ன வலி?" என்றார் தலைவர்.

"அந்த ஈடு செல்லாதுங்க."

"நல்ல காரியத்துக்குமா?"

"நல்ல காரியம்னு எழுதாத தாளே என் மேசைக்கு வந்ததில்லங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ரிட்டயர் ஆக எத்தன மாசம் இருக்கு?" என்றார்.

"எட்டு."

"எட்டு மாசம் எங்கயாச்சும் மலை மேல போய் வேல பாக்கணும்னா கஷ்டம். அந்தக் குளிரு உங்க வயசுக்கு ஒத்துக்காது."

"நீங்க வேணும்னா குறிப்ப மாத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாம். எழுதுறவங்க பேரு உங்க பேரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பென்ஷன் தாள்கள் இன்னும் போய்ச் சேரவில்லை, வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதேன். அந்தக் காப்பகத்தை என்னைவிட யார் விரும்பியிருக்க முடியும்? வாசலில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் எனக்குத்தானே தெரியும். ஒரு சுருக்கொப்பம், இரண்டே எழுத்து. போட்டுவிட்டால்தான் என்ன என்று மனது அரித்தது. சரி, போட்டுத்தான் பார்ப்போம் என்று மனதுக்குள்ளேயே போட்டேன். முதல் மாதம் ஆயாக்களுக்குச் சம்பளம் தர வேண்டும். மண்டபப் பணம் வராது. பொது நிதியிலிருந்து எடுப்போம். பால்காரர் பணம் கேட்பார், எடுப்போம். பொது நிதி குறையும்போது கடைசியில் எது நின்றுபோகும்? பஸ் திருப்பரங்குன்றம் பக்கம் வரும்போது எனக்கு விடை வந்துவிட்டது. முத்துமாரியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முத்துமாரியின் சம்பளத்தையே எடுக்கப்போகிறோம். அதை அவளிடம் சொல்லவும் மாட்டோம்.

அழுகை நின்றுவிட்டது. போடமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன்.

மறுநாள் காலை நான் போவதற்குள் டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துமாரி. குழந்தையின் நெற்றியில் பிளாஸ்திரி. இந்தமுறையும் அவள் உட்காரவில்லை.

"நீங்கதான் வேணாம்னுட்டீகளாமே."

"ஆமாம்மா."

"எம் பிள்ள செத்திருந்தா எழுதியிருப்பீகளா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இப்படிப்பட்ட நேரத்தில் நாம் வாயை மூடிக்கொள்வதுதான் பெரிய தப்பு. விதி எண்ணைச் சொல்லித் தப்பிப்பது அதைவிட மோசம். நான் பஸ்ஸில் நினைத்தது முழுவதையும் அவளிடம் அப்படியே சொன்னேன். மண்டபம், பாக்கி, ஆயா சம்பளம், பால், பொது நிதி, கடைசியில் அவள் சம்பளம். அவளுக்குப் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மாதச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிறவளுக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் புரியும்.

முத்துமாரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப வேற எதையாச்சும் நிப்பாட்டுங்க. இம்புட்டுப் பெரிய ஆபீசுல நிப்பாட்டுறதுக்கு ஒண்ணுமேவா இல்ல?"

டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விதியை எழுதியவர் அவர், காவல் காத்தவள் நான். இரண்டு பேரும் விதியை வளைப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினோமே தவிர, விதி எங்களிடம் கேட்ட கேள்வியை இரண்டு பேரும் கேட்கவில்லை. அதைக் கேட்டவள் தூய்மைப் பணியாளர்.

இரண்டு நாள் வரவுசெலவுத் திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். எதைத் தொட்டாலும் யாருக்காவது வலித்தது. டீச்சர் பென்சிலால் கோடு போடுவார், நான் வேண்டாம் என்பேன், அழிப்பார். கொசு மருந்தைத் தொட முடியாது. பள்ளிக்கூடக் கழிப்பறையைத் தொடக்கூடாது. இரண்டாம் நாள் மதியம் 'விழா மற்றும் இதரச் செலவுகள்' என்ற தலைப்பில் டீச்சரின் பென்சில் நின்றது.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஒரு சாக்கடை மூடி போட வேண்டுமென்றால்கூடப் பூமி பூஜை. பாதியில் ஒரு பார்வையிடல். முடிந்ததும் திறப்பு விழா. ஒவ்வொன்றுக்கும் சாமியானா, மைக் செட், பிளக்ஸ், எல்லாக் கவுன்சிலர்களுக்கும் சால்வை. ஒரு வேலைக்கு மூன்று விழா, ஒரு விழாவுக்கு ஆளுக்கு ஒரு சால்வை. கூட்டிப் பார்த்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினார். அதே விடைதான் வந்தது.

கணக்கு முழுவதும் எட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆயா, ஒரு உதவியாளர், அதுவும் மதியம் ஒரு மணி வரைக்கும்தான். ஆனால் காலை ஐந்தரைக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவார்கள். போதும் என்றோம்.

தலைவர் கேள்விப்பட்டு, "அதத் தொட்டா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அப்போது நான் இரண்டு காரியம் செய்தேன். குறிப்பில் தலைப்பு எண்ணைப் போட்டு மறைக்காமல், சாதாரணத் தமிழில் எழுதினேன்: 'இந்தக் காப்பகம் நடக்க வேண்டுமானால், நகராட்சிப் பணிகளுக்கான விழாக்களும் அவற்றில் உறுப்பினர்களுக்குப் போடும் சால்வைகளும் நிற்கும்.' அடுத்து, இந்தப் பொருளுக்கு மட்டும் மேசையைத் தட்டினால் போதாது, கை தூக்க வேண்டும், தூக்கியவர் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணையரிடம் கேட்டேன். இளையவர் கொஞ்சம் யோசித்தார். கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தன்று மன்றத்தின் பின்வரிசையில் பொதுமக்கள் நிற்கும் இடத்தில் பணியாளர்கள் பச்சை மேலங்கியோடு வந்து நின்றார்கள். முத்துமாரி தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுத்தர் பொருளை வாசித்தார். வழக்கப்படி இரண்டு பேர் தட்டக் கையை ஓங்கினார்கள். 'சால்வைகளும் நிற்கும்' என்று வாசித்ததும் ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. 

பட்டறைக்காரர் எழுந்தார். போச்சு, இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"இந்தம்மா எங்கப்பா பேருல வர இருந்த வளைவ நிப்பாட்டுனவுக. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல, போகவும் போகாது. அத மொதல்ல பதிவு பண்ணிக்கங்க" என்றார். எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொள்ளும்படி ஜாடை காட்டினேன்.

"ஆனா ஒண்ணு. எங்க வீட்டு பீரோவத் தெறந்தா சால்வ சரிஞ்சு விழுகுது. என் சம்சாரம் அம்புட்டையும் மூட்ட கட்டி, பட்டறையில மெஷின் தொடைக்கக் குடுத்து விடுறா. அதுக்கும் லாயக்கில்ல, எண்ணெய உறிய மாட்டேங்குது." மன்றம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்தச் சாக்கடச் செவுத்துல வண்டி முட்டுன அன்னைக்கு நானும் போய்ப் பாத்தேன். என் வார்டு செவுரு அது. நான் கை தூக்குறேன். அண்ணே, தலைவரண்ணே, நீங்களும் தூக்குங்க. பின்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறாக."

பெரிய கை மேலே போனது. டீச்சர் கை. பிறகு ஒன்று, இரண்டு, நாலு. தலைவர் கை கடைசியில், காது வரைக்கும். இரண்டு பேர் தூக்கவில்லை, அவர்கள் பெயரையும் எழுதினோம். தட்டிப் பாஸ் பண்ணுவதற்கும் கை தூக்குவதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

காப்பகத்துக்குத் திறப்பு விழா கிடையாது, அதற்குத்தான் பணம் இல்லையே. ஒரு காலையில் டீச்சர் பூட்டைத் திறந்தார், பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கவுண்டர் சன்னலில் 'இங்கு வரி செலுத்தவும்' என்ற பலகையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஒண்ணாம் தேதி காலை நான் அலுவலகம் போனதும் முதல் வேலையாகக் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்து, தூய்மைப் பணியாளர் சம்பளப் பட்டியல் பாஸ் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஆகியிருந்தது. அதற்கடுத்த மாதமும் கேட்டேன். அதற்கடுத்த மாதமும். காப்பகம் திறந்த நாளைவிட அந்தப் பதில்கள்தான் எனக்கு விழா.

தலைவர் என்னை மலைக்கு அனுப்பவில்லை. மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன், அல்லது மனசு வரவில்லை. நல்ல மனிதர்தான். எவ்வளவு நல்லவர் என்றால், நான் ஓய்வு பெறும் மாதம் எனக்கே ஒரு பொருள் கொண்டு வந்தார். 'ஓய்வு பெறும் மேலாளருக்குப் பாராட்டு விழா, சால்வை, மாலை, மதிய விருந்து.' கூடவே ஈட்டுத்தாளும் முறைப்படி வந்தது. ஈடு என்ற கட்டத்தில் அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தார்: 'இந்த ஒரு தடவை மட்டும்.'

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். முப்பத்து நாலு வருடம். என் மகளும் பேரப்பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், படம் எடுத்துக்கொள்ளலாம். பேனாவைத் திறந்து கீழே எழுதினேன்: 'ஈடு காட்டப்படவில்லை. பொருளாக வைக்க இயலாது.' நான் எழுதிய கடைசி அலுவலகக் குறிப்பு அதுதான். பதிவேட்டில் இருக்கும், போனால் பாருங்கள்.

மாதக் கடைசி நாள். பிரிவுத் தோழர்கள் தங்கள் காசில் டீயும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் வந்து, காலண்டரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "வாரேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மதியம் ஒரு மணிக்குக் கீழே இறங்கினேன், கவுண்டர் அறையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று. முத்துமாரி பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்தாள். குழந்தை இப்போது தானே நடந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

"இன்னைக்குத்தான் கடைசி நாளாமே மேடம்? கழுத்துல மால இல்ல, சால்வ இல்ல, இப்படி வெறுமனவா அனுப்புறாக?"

"போடணும்னுதான் சொன்னாங்க. அதுக்குப் பணம் ஒதுக்க வழியில்லன்னு நானே எழுதிட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"அப்ப நாளைக்கு எங்க சம்பளம் வந்துரும்."